முன்னறையில் இருந்த நெருப்புக்காரர்

எங்கள் வீட்டு முன்னறையை வாடகைக்குக் கேட்டு அவர் வந்த அன்று நான் ஒரு சாதாரணக் கேள்விதான் கேட்டேன்.

"ஐயாவுக்குச் சொந்த ஊர் எது?"

"திரியாய் எண்டு அம்மா சொன்னவ."

"சொன்னவ எண்டால்? நீங்கள் அங்க பிறக்கேல்லையோ?"

"பிறக்கேக்க நான் பார்த்துக்கொண்டு நிக்கேல்லைத்தானே தங்கச்சி."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே அறை இல்லையென்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் என் கணவருக்குத் துறைமுகத்தில் ஓவர்டைம் நின்றுபோயிருந்த காலம் அது. ஒரு ஆள் வாடகையும் சாப்பாட்டுக் காசும் தந்து எங்களோடு இருந்தால் நல்லதுதானே என்று ஓமென்றுவிட்டேன். பிறகு பட்டதெல்லாம் நானே தேடிக்கொண்டது.

எரிந்துபோன இடங்களைப் போய்ப் பார்ப்பதுதான் அவருடைய தொழில். கடை எரிந்தாலும் வள்ளம் எரிந்தாலும் நட்டஈடு கட்டுகிற காப்புறுதிக்காரர் அவரைத்தான் அனுப்புவார்கள். கந்தளாய்ப் பக்கம் நெல் ஆலை எரிந்தால் விடிய பஸ் ஏறிப் போவார். நெருப்பு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போனது, எதை எவ்வளவு சுட்டது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சேர்ட்டோடு போய்க் கறுப்புச் சேர்ட்டோடு வருவார். எங்கள் ஒழுங்கையில் அவருக்கு நெருப்புக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் மனதுக்குள் வைத்த பெயர் வேறு. 'ஏலாது ஐயா.'

ஏனென்றால் அந்த மனிதர் வாயில் எதற்கெடுத்தாலும் ஒரே பதில்தான் வரும். "அது சொல்ல ஏலாது." மழை வருமா என்று கேட்டால் சொல்ல ஏலாது. அது போகட்டும், மழை விசயம் ஒருவருக்கும் தெரியாது. மீன்குழம்புக்கு உப்புக் காணுமா என்று கேட்டால்? குழம்பு அவர் வாய்க்குள் இருக்கிறது. மென்றுகொண்டே யோசிப்பார். "காலமை கருவாடு சாப்பிட்டனான். நாக்கு அதிலயே நிக்குது. இண்டைக்குச் சொல்ல ஏலாது." உப்புக்கு ஒரு சாட்சி சொல்ல முடியாத மனிதருக்கு நான் ஏன் அடுப்படியில் நின்று வேக வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அக்கா மட்டும் சிரிப்பாள்.

அக்கா எங்களோடுதான் இருந்தாள். கலியாணம் கட்டவில்லை. துறைமுக வீதியிலிருந்த ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை. வெருகல் பக்கத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் படிக்க வந்த பெடியள் அத்தனை பேருக்கும் காலமையும் மத்தியானமும் இரவும் அவள் கைச்சாப்பாடுதான். வீட்டுக்கு வந்தால் ஓர் அகப்பையைக்கூடத் தொடமாட்டாள். அதில் எனக்குக் குறையில்லை. இரண்டு குசினி எவளுக்கும் ஏலாது.

என் குசினிக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் என் அடுப்புக்கு முன்னால் இந்த ஆள் குந்தியிருக்கிறார். நான் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சிரட்டைக்கரி முழுவதும் தணலாகிக் கிடக்கிறது. ஒரு கையில் விசிறி. தணலுக்குள் ஒரு போத்தல் துண்டு, ஒரு பித்தளைக் குழாய், ஒரு சீமெந்துக் கட்டி, என்னுடைய அலுமினியச் சட்டி மூடி.

"ஐயா, அது என்ர மூடி!"

"பொறுங்கோ தங்கச்சி. ஆர் முதல்ல விழுகினம் எண்டு பார்க்கிறன்."

மூடிதான் முதலில் விழுந்தது. நடுவில் குழிந்து, பிறகு ஒரு பக்கம் ஒழுகி, தணலுக்குள் ஒரு கட்டியாகிப் போனது. பித்தளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. சாம்பல் நிறமாயிருந்த சீமெந்துக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. ஆறிய பிறகும் அந்தச் சிவப்புப் போகவில்லை. அதை எனக்குக் காட்டி, "நெருப்பு அணைஞ்சாலும் சீமெந்து மறக்காது பாருங்கோ," என்றார். நானும் என் மூடியை மறக்கவில்லை. புது மூடி வாங்கித் தந்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் அது சட்டிக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு நாள் அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றின் துண்டொன்றைக் கொண்டுவந்து தணலில் வைத்துவிட்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு 'டமார்' என்று ஒரு வெடி. சீற்றுத் துண்டுகள் குசினி முழுவதும் பறந்தன. தயிர்ச் சட்டிக்குள்ளும் ஒன்று விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி, துறைமுகத்தில் ஏதோ வெடித்துவிட்டதென்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வீதிக்கு ஓடிவிட்டாள். இவர் நின்ற இடத்திலேயே நின்று தலையை ஆட்டினார்.

"சூடு ஏற இது இப்பிடித்தான் வெடிக்கும். எந்த நெருப்பிலயும் சனம் 'வெடிச்சது, வெடிச்சது' எண்டு ஓடிவரும். எது வெடிச்சதெண்டு ஆரும் கேக்கிறேல்லை."

"நான் கேக்கிறன் ஐயா. தயிருக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அவர் தயிருக்குள் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதே பக்கத்து வீட்டுக்காரியின் கிடுகுக் குசினி பிறகொரு நாள் உண்மையாகவே எரிந்தது. ஆளுக்கு ஒரு வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். அணைந்ததும் அவள் செய்தது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கரியைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள். எரிந்த கரி வீட்டு வாசலில் கிடந்தால் யாருக்குத்தான் மனம் கேட்கும்? இவர் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"கூட்டாதேங்கோ! ஒண்டையும் எடுக்காதேங்கோ!"

"ஏன் ஐயா, சாம்பலைக் காய்ச்சிக் குடிக்கப் போறியளோ?" என்றாள் அவள்.

எவரும் அவரை அனுப்பவில்லை. அந்தக் குசினிக்குக் காப்புறுதியும் கிடையாது. ஆனாலும் ஒரு கிழமையாக அவளைக் கூட்ட விடாமல், குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வீடு கழுவ முடியாமல் அவள் என்னிடம் வந்து அழுதாள். கடைசியில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "நெருப்பு மேற்குப் பக்கத்திலயிருந்து வந்திருக்குது. அதுக்கு மேல சொல்ல ஏலாது," என்றார். மேற்குப் பக்கத்தில் அடுப்பு இருந்ததை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டிருந்தேன். சகிக்க முடியாமல் போனது அக்காவின் விசயத்தில்.

விடுதிக் குசினிக்குப் புதிதாகக் காஸ் அடுப்பு வந்திருந்தது. விறகுக்கு அலைந்த அக்காவுக்குப் பெரிய சந்தோசம். சிலிண்டர் குசினிக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கொட்டிலில் நின்றது. செப்புக் குழாயொன்று சுவரைத் துளைத்து அடுப்புக்கு வந்தது. அடுப்பின் முகப்பு வெள்ளை எனாமல். அதில் ஒரு திருகி. திருகிக்கு விரல் நீளத்தில் ஓர் இரும்பு வால். வால் நிமிர்ந்து நின்றால் பூட்டு. படுத்துக் கிடந்தால் காஸ் வரும். அக்கா இதை எனக்கு எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருக்கிறாள்.

ஒரு பின்னேரம் இரவுச் சாப்பாட்டை முடித்து மூடி வைத்துவிட்டு, என்னோடு நவநாள் செபத்துக்கு வந்திருந்தாள். கோயிலால் வெளியே வரும்போது துறைமுக வீதிப் பக்கம் புகை. போய்ப் பார்த்தால் விடுதிக் குசினி எரிகிறது. 'டமார் டமார்' என்று வெடி கேட்டதாகவும், காஸ் வெடித்துவிட்டதாகவும் வீதியில் நின்ற சனமெல்லாம் சொன்னது. தண்ணீர் ஊற்றப் போன பெடியன் ஒருவனுக்குக் கை வெந்து ஆசுபத்திரியில் விட்டிருந்தார்கள். விடிந்ததும் பொலிஸ் வந்து பார்த்தது. அடுப்பில் திருகியின் வால் படுத்துக் கிடந்தது.

வேறென்ன வேண்டும்? சமையல்காரி காஸைத் திறந்து விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள் என்று அன்றே முடிவாகிவிட்டது. குசினியைப் பொலிஸ் பூட்டியது. விடுதி நடத்திய சபை அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்றது. பெடியனின் கைக்கு வழக்கு வைப்பார்கள் என்று கதை வந்தது. கோயிலில் எங்களுக்கு முன்வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.

ஆனால் அக்காவைத் தின்றது அதுவல்ல.

"பூட்டினது ஞாபகம் இருக்குதடி," என்பாள். "கை வைச்சது, வால் நிமிந்தது, எல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனால் அது அண்டைக்கோ, முதல்நாளோ? ஒவ்வொரு நாளும் பூட்டுறனான்தானே. எந்த நாள் பூட்டினது இது?"

"நீங்கள் பூட்டாமல் விடுற ஆளே அக்கா?" என்று நான் சொன்னேன். என் கணவர் சொன்னார். சுவாமியார் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து சொன்னாள். ஒவ்வொரு தரமும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அந்தப் பெடியனின் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் எலும்பு தெரியத் தொடங்கியது.

அந்த நெருப்பைப் பார்க்க வந்தவர் யார்? வேறு யார், எங்கள் முன்னறைக்காரர்தான். ஆண்டவர் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். எங்கள் சோற்றைத் தின்கிற மனிதர், அக்காவை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவர், ஒரு வார்த்தை சொல்லாமலா போவார்? முதல்நாள் குசினியைப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பாரைமீன் பொரியலில் பெரிய துண்டாகப் போட்டு வைத்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன ஐயா, அக்காவில பிழையில்லைத்தானே?"

"சொல்ல ஏலாது."

அக்கா எழுந்து உள்ளே போனாள். அடுத்த நாள் நான் அவருக்குப் பொரியல் வைக்கவில்லை. அதற்கடுத்த நாள் சொதியும் சோறும் மட்டும். எதையும் கவனிக்காதவராகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். திட்டுவதற்குக்கூட வசதி தராத மனிதர்.

கடைசியாக ஒரு நாள் எல்லோரையும் விடுதிக்கு வரச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியரான விடுதி வாடன், காவலுக்கு நிற்கிற வாச்சர், பொலிஸ்காரர் ஒருவர், அக்கா. அக்கா தனியே நடக்கிற நிலையில் இல்லை, அதனால் நானும். குசினி முழுவதும் கரி. கூரை இல்லை. தரையெல்லாம் சீற்றுத் துண்டுகள். மூலையில் எண்ணெய்த் தகர ரின்னுகள் வைத்திருந்த அலுமாரி சாம்பலாகிக் கிடந்தது. அதற்கு மேலே சுவரில் சீமெந்து சிவந்திருந்தது. பக்கத்தில் இருந்த அலுமினியச் சட்டிகள் கட்டியாகிக் கிடந்தன. என் மூடிதான் ஞாபகம் வந்தது. அடுப்போ புகை படிந்து கறுத்திருந்ததே தவிர, அதன்மேல் தேத்தண்ணிக்கு வைக்கிற அலுமினியக் கேத்தில் உருகாமல் முழுசாக உட்கார்ந்திருந்தது.

"காஸ் வெடிச்சதை வீதியெல்லாம் கேட்டது," என்றார் பொலிஸ்காரர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது சீற் வெடிச்சது சேர். எங்கட குசினியிலயும் வெடிச்சது. தயிருக்குள்ளயும் விழுந்தது," என்றேன்.

நெருப்புக்காரர் என்னை முறைத்தார். "அந்த நேரம் நீங்கள் இஞ்ச நிண்டனீங்களோ தங்கச்சி?"

அவருக்காகப் பேசப் போய் எனக்குக் கிடைத்த மரியாதை இது.

பிறகு எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "நெருப்புக்குப் பிறகு இந்த அடுப்பை ஆராவது தொட்டனீங்களோ?"

வாடன் இல்லை என்றார். வாச்சர் இல்லை என்றார். பொலிஸ்காரர், தாங்கள் கண்ணால் பார்த்ததோடு சரி என்றார். நெருப்புக்காரர் தலையாட்டிவிட்டு, குனிந்து சீற்றுத் துண்டுகளைப் பொறுக்கினார். நிமிர்ந்தார். லேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, ஊர்க்கதை கதைப்பவராக, வாடனைப் பார்த்துச் சொன்னார்.

"காஸுக்கும் இப்ப பெரிய தட்டுப்பாடு. கொழும்பிலயிருந்து எப்ப வருமோ. சிலிண்டரில மிச்சமாவது இருந்தால் நல்லது."

"எங்கத்தை மிச்சம்?" என்றார் வாடன். "விடிய முதல் வேலையா நான் திறந்து பார்த்தனான். ஒரு இரைச்சலும் இல்லை. முழுக்க முடிஞ்சு போட்டுது."

"எதைத் திறந்து பார்த்தனீங்கள்?"

"இந்தத் திருகியைத்தான். வேறை எதை?"

"தொடேல்லை எண்டு இப்பதானே சொன்னனீங்கள்?"

"தொடேல்லைத்தான். காஸ் கிடக்கோ எண்டு பார்த்தது மட்டும்தான்," என்றவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

வாடன் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கோபம். பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம். வீடு எரிந்தாலும் எங்களுக்கு முதலில் வரும் யோசனை, என்ன மிச்சம் என்பதுதான். மண்ணெண்ணெய் ரின்னைக் கண்டால் குலுக்கிப் பார்க்காமல் நான் இருந்திருக்கிறேனா? அதைத் தொட்டதாக யாராவது கணக்கில் எடுப்பார்களா? வாடன் திறந்து பார்த்தார், இரைச்சல் இல்லை, அப்படியே விட்டுவிட்டுப் போனார். பின்னால் வந்த பொலிஸ், வால் படுத்துக் கிடப்பதைக் கண்டது.

"இரைச்சல் வராது ஐயா," என்றார் வாச்சர் மெதுவாக. "எரியேக்க நான்தான் பின்னால ஓடிப்போய்ச் சிலிண்டரைப் பூட்டினனான். வெடிச்சுப்போடும் எண்ட பயம்."

"ஏன் இதை முதல்ல சொல்லேல்லை?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"ஒருத்தரும் கேக்கேல்லை."

வெளியே போய்ச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார்கள். நல்ல பாரம், காஸ் அப்படியே இருந்தது. நெருப்புக்காரர் பொலிஸ்காரரை அடுப்பண்டை கூப்பிட்டார். முகப்பு முழுவதும் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவே, திருகிக்கு நேர் மேலே, விரல் நீளத்தில் நிமிர்ந்த ஒரு வெள்ளைக் கோடு. படுத்துக் கிடந்த வாலின் கீழே வெள்ளையே இல்லை. அங்கேயும் புகை படிந்திருந்தது. அவர் திருகியைப் பிடித்து மெல்லத் திருப்பினார். வால் நிமிர்ந்தது. அந்த வெள்ளைக் கோட்டின் மேல் அளவெடுத்தது மாதிரிப் போய் நின்றது.

"புகை படியிற நேரம் வால் இப்பிடித்தான் நிண்டிருக்குது," என்றார்.

எனக்கு ஓவென்று அழுகை வந்தது. அக்கா அழவில்லை. கையை நீட்டி அந்த வாலைத் தொடப் போனவள், தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப நான் பூட்டினனான்தானே ஐயா?"

அந்த இடத்தில் கல்லுக்குக்கூட ஓம் என்று சொல்லத் தோன்றியிருக்கும். அவர் திருகியிலிருந்து கையை எடுத்தார்.

"அது சொல்ல ஏலாது. நெருப்புப் பிடிக்கேக்க திருகி பூட்டிக் கிடந்தது. ஆர் பூட்டினது எண்டு திருகி சொல்லாது."

நெருப்பு எப்படித்தான் பிடித்தது என்று பொலிஸ்காரர் கேட்டார். மூலைதான் ஆக எரிந்திருக்கிறது, ஆனால் எண்ணெய் இருந்ததால் எரிந்ததோ, தொடங்கியதே அங்கேதானோ, சொல்ல ஏலாது என்றார். கடைசிவரைக்கும் சொல்லவில்லை. சபைக்காரருக்கும் அவர்மேல் கோபம்.

வீட்டுக்கு வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "அந்த வெள்ளைக் கோட்டை எப்ப கண்டனீங்கள்?"

"முதல்நாளே கண்டனான்."

"முதல்நாளே! அக்கா சாப்பிடாமல் கிடந்து காயுறதைப் பார்த்துக்கொண்டும் சொல்லாமல் இருந்தனீங்கள்!"

"வாலைப் படுக்க வைச்சது ஆரெண்டு தெரியாமல் எப்பிடித் தங்கச்சி சொல்லுறது? கோட்டை நான்தான் கீறினனான் எண்டு சொல்லுவினம். நான் உங்கட வீட்டில இருக்கிறன்."

அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது. "சரி. இண்டைக்கு அவ கேக்கேக்க 'ஓம், நீங்கள்தான் பூட்டினது' எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போடும்?"

"அவ பூட்டினதை நான் பார்க்கேல்லைத்தானே," என்றார்.

பொரியல் இல்லாத சோற்றையே வைத்தேன்.

அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். வாடன் வீட்டுக்கே வந்து விறாந்தைக் கதிரையில் இருந்து, தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பெடியனின் கைப்புண்ணும் ஆறியது. அதன்பிறகும் நெருப்புக்காரர் எங்களோடு கனகாலம் இருந்தார். இன்னும் இரண்டு சட்டியும் ஒரு தோசைக்கல்லும் நாசமாகின. பிறகு காப்புறுதிக்காரர் அவரைக் கொழும்புக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். புறப்படுகிற அன்று, இனி இந்தப் பக்கம் வருவீர்களா என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எரிந்த சாமான்கள் நிறைந்த ஒரு மரப்பெட்டியை முன்னறையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்ப வந்து எடுக்கவே இல்லை.

அவர் போன பிறகு ஒரு பின்னேரம், அக்காவை நவநாளுக்குக் கூட்டிப்போக விடுதிக்குப் போயிருந்தேன். புதுக்கூரை போட்ட குசினி. அதே அடுப்பு. அவளுடைய வேலை முடியும்வரைக்கும் வாசலில் நின்று, வழக்கம்போல அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லுக்குப் பஞ்சம் பிடித்த ஆள் என்றேன்.

அக்கா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். "நீங்கள் எல்லாரும் நான் பூட்டினனான் எண்டுதான் சொன்னனீங்கள். என்னில இருக்கிற பாசத்தில சொன்னனீங்கள். அதை வைச்சுக்கொண்டு என்னால ஒரு வாய் சாப்பிட ஏலாமல் இருந்தது. அந்த மனுசன் எனக்காக ஒண்டும் சொல்லேல்லை. வால் நிமிந்து நிண்டது எண்டு மட்டும்தான் சொன்னவர். அண்டைக்குத்தான் நான் நித்திரை கொண்டனான்."

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

"நேரமாச்சு அக்கா. காஸைப் பூட்டிட்டீங்களோ?"

அவள் குசினி வாசலிலிருந்து திரும்பிப்போய், அடுப்புக்கு முன்னால் குனிந்து, திருகியை நன்றாகப் பார்த்தாள்.

"நிமிந்து நிக்குது," என்றாள்.

"அதைக் கேக்கேல்லை. பூட்டினனீங்களோ?"

"நிமிந்து நிக்குதடி. வா, போவம்."

ஓமென்று ஒரு சொல் கடைசிவரைக்கும் அவள் வாயிலிருந்து வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன்.